பனிமலையைப் பாருங்க... பக்கத்துல நிக்கிற பிள்ளையையும் பாருங்க!

"பையன் சியாட்டில்ல வேலைல சேர்ந்துட்டான். பொண்ணு வான்கூவர்ல படிக்கிறா. மே மாசம் ரெண்டு பேரையும் பார்க்கப் போறோம்!"

இப்படிச் சொல்லும் பெற்றோர் இன்றைக்குத் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். சரி, போய் என்ன செய்கிறார்கள்? முதல் வாரம் பகலில் கொட்டாவி, ராத்திரியில் முழிப்பு. இரண்டாவது வாரம் கோயில், கடை. மூன்றாவது வாரம் சாம்பாரும் புளிக்காய்ச்சலும் செய்து டப்பா டப்பாவாக ஃப்ரீஸரில் அடுக்குவது. பையன் காலையில் ஆபீஸ் போனால் ராத்திரிதான் வருவான். கடைசியில் ஏர்போர்ட்டில் கண்ணீர். ஒரு மாசம் ஒரே வீட்டில் இருந்தும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசியது மொத்தம் எத்தனை மணி நேரம்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது ஒரு யோசனை சொல்கிறார்கள். "அப்பா, ஏழு நாள் அலாஸ்கா கப்பல்ல போயிட்டு வருவோமா? நாம நாலு பேரும்!" சியாட்டிலும் வான்கூவரும்தான் அந்தக் கப்பல்கள் புறப்படும் முக்கியமான துறைமுகங்கள். சீசன் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. அதாவது, நம் பெற்றோர் அங்கே போகும் அதே மாதங்கள்.

பெற்றோருக்கோ தயக்கம். 'வயசு வந்த பிள்ளைகளோட ஒரே கப்பல்ல ஏழு நாளா? அதுக்கு ஒரு போக்கு, நமக்கு ஒரு போக்கு...'

கையில் பணம் இருந்தால், தயங்காமல் போங்கள் என்பதுதான் என் கட்சி. ஆனால் நான் சொல்லும் காரணம் பனிமலை அல்ல.

இரண்டு பக்கமும் ஒரே பொய்!

வாரா வாரம் வீடியோ காலில் என்ன நடக்கிறது? "நல்லா இருக்கியா கண்ணா?" "நல்லா இருக்கேம்மா. அப்பா எப்படி இருக்கார்?" "அவருக்கென்ன, ஜம்முனு இருக்கார்!"

உண்மையில், அப்பாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பிரஷர் மாத்திரை ஒன்றிலிருந்து மூன்றாகிவிட்டது. 'பாவம், அங்கே தனியா இருக்கான். எதுக்குக் கவலைப்பட வைக்கணும்?' என்று அம்மா மறைக்கிறாள். அந்தப் பக்கம், பையன் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. வேலை போய்விடுமோ, விசா என்ன ஆகுமோ என்று பயம். 'அம்மாவுக்குப் பிரஷர் ஏறிடும்' என்று அவன் மறைக்கிறான்.

அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் உடம்பு அன்புக்காகக் காத்திருக்காது.

ஒரு விஷயத்தைப் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வாழ்நாளில் வரக்கூடிய மனநோய்களில் முக்கால் பங்கு 24 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்று அமெரிக்காவில் செய்து 2005-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சொல்கிறது. நாம் பிள்ளைகளை விமானம் ஏற்றி அனுப்பும் வயதும் அதுதான்! கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்த அம்மாவுக்கு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்க்கக்கூட வாய்ப்பில்லை.

கப்பலில் ஏழு நாள் சேர்ந்திருந்தால் மறைப்பது கஷ்டம். பிள்ளை எப்படித் தூங்குகிறான், சாப்பிடுகிறான், வாய்விட்டுச் சிரிக்கிறானா என்பது உங்களுக்குத் தெரியும். படிக்கட்டில் அப்பா எங்கே நின்று மூச்சு வாங்குகிறார், அம்மா எந்த முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள் என்பது அவனுக்கும் தெரியும். இந்தப் பயணத்தின் உண்மையான லாபம் இதுதான்.

ஏன் அந்தக் கடல்?

அலாஸ்காவின் தென்கிழக்கில், தீவுகளுக்கும் மலைகளுக்கும் நடுவே கடல் ஆறு மாதிரி உள்ளே போகிறது. அந்தக் கால்வாய்களில் கப்பல் மெதுவாக ஊர்ந்து போகும். வெளிக்கடலின் அலையைத் தீவுகள் தடுத்துவிடும். இரண்டு பக்கமும் டாங்கஸ் என்ற மழைக்காடு. சுமார் 1 கோடியே 67 லட்சம் ஏக்கர்! அலாஸ்காவின் தலைநகரம் ஜூனோ. வெளியூரிலிருந்து அங்கே போக ரோடே கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். ஹவாயில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வரும் திமிங்கிலங்கள் கோடையில் இங்கேதான் வயிறாரச் சாப்பிடுகின்றன.

பயணத்தின் உச்சம் கிளேசியர் பே என்ற தேசியப் பூங்கா. 1700-களில் அங்கே பனிப்பாறை முன்னேறி வந்து, குடியிருந்த ட்லிங்கிட் பழங்குடி மக்களை ஊரை விட்டே துரத்தியது. பிறகு அது பின்வாங்க ஆரம்பித்து, சுமார் 105 கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. விட்டுப்போன இடமெல்லாம் இப்போது கடல். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சுற்றுலாக் கப்பல்களுக்குத்தான் அனுமதி என்பதால் எல்லாக் கப்பலும் அங்கே போவதில்லை. டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே பனிச்சுவர் உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும். இடி மாதிரி அதன் சத்தம் பிறகுதான் வந்து சேரும். அந்த நேரத்தில் யாரும் போனை நோண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். பேச்சு தானாக வரும் இடம் அது. அந்த ஒரு நாளை மட்டும் நாலு பேரும் சேர்ந்தே கழியுங்கள்.

வளர்ந்த பிள்ளைக்கு வளர்ந்தவர் மரியாதை

"நாலு பேரும் ஒரே ரூம்ல படுத்துக்கலாமே, எதுக்கு வீண் செலவு?" என்று கேட்பது நம் வழக்கம். கப்பல் அறை மிகவும் சின்னது. ஜன்னல் இல்லாத உள் அறையானாலும் பரவாயில்லை, பிள்ளைகளுக்கு இன்னொரு அறை எடுங்கள். வேறு செலவைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள். ராத்திரி ஒரு மணி வரை முழித்திருக்கும் பிள்ளையும், காலை ஐந்துக்கு எழுந்து தொண்டையைச் செருமும் அப்பாவும் ஒரே அறையில் இருந்தால் மூன்றாம் நாளே சண்டை. வெளியே வந்து பஸ் பிடித்துப் போக அங்கே வழியில்லை. நாலு பக்கமும் தண்ணீர்!

பகலில் அவரவர் விருப்பப்படி போகட்டும். பிள்ளைகளுக்குப் படகு துடுப்புப் போட ஆசை இருக்கும். உங்களுக்கு ஸ்காக்வே ஊரிலிருந்து மலையேறும் பழைய ரயிலில் உட்கார்ந்து வர ஆசை இருக்கும். 1900-ல் கட்டி முடிக்கப்பட்ட பாதை அது. முழங்கால் வலிக்காமல் மலை பார்க்கலாம். ஆனால் ராத்திரிச் சாப்பாடு மட்டும் ஒரே மேஜையில்.

அந்த மேஜையில் மூன்று பேச்சு வேண்டாம். கல்யாணம், சம்பளம், அடுத்த வீட்டுப் பையன்! இந்த மூன்றையும் ஆரம்பித்தால் மறுநாள் பிள்ளை "பசிக்கலைம்மா" என்று அறையிலேயே படுத்துவிடுவான். பிறகு யாரைப் பார்க்க இவ்வளவு செலவு?

இன்னொரு தர்மசங்கடம், குடி. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து போகும் கப்பல்களில் பொதுவாக 21 வயதானால் மதுவுக்குத் தடையில்லை. "எங்க எதிர்ல வேண்டாம்" என்பதோ, "அளவோட இருந்துக்கோ" என்பதோ, உங்கள் வீட்டு வழக்கத்தை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். கப்பலில் எல்லாமே கார்டு கணக்கு. ஒரே பில்லாக இருந்தால் கடைசி நாள் அதைப் படிக்கும்போது குடும்ப மானம் போகும். ஆகவே, கணக்கும் தனித்தனி!

கவனிப்பது வேறு, துப்பறிவது வேறு

லீவில் பிள்ளை பத்து மணி வரை தூங்கினால் அது நோயல்ல, அசதி. ஆனால், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, முன்பு பிடித்த எதிலும் ஆசையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, மனிதர்களைப் பார்த்தாலே ஒதுங்குகிறான், தனியாக தினமும் குடிக்கிறான்... இவை இரண்டு வாரத்துக்கு மேலாகத் தொடர்வதாகத் தெரிந்தால் சும்மா விடாதீர்கள்.

"உனக்கு என்ன குறைச்சல்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி கதவைச் சாத்திவிடும். டெக்கில் பக்கத்தில் நின்று, "கொஞ்ச நாளா சோர்வா இருக்கிற மாதிரி தெரியுதுப்பா. சொல்லணும்னு தோணினா சொல்லு, நான் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பதில் அன்றைக்கே வராமல் போகலாம்.

அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். நம் நாட்டில் டெலி மானஸ் உதவி எண் 14416. 'வாழவே பிடிக்கலை' என்று வாயில் வந்தால் அன்றைக்கே உதவி தேடுங்கள். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அதே மாதிரி உங்கள் உடம்பையும் திறந்து காட்டுங்கள். உங்கள் நோய்கள், மாத்திரைகளின் பெயர், அளவு, ஒவ்வாமை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இரண்டு பிள்ளைகளிடமும் கொடுங்கள். மாத்திரைக்கு பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரையும் எழுதுங்கள். அந்த நாட்டு டாக்டருக்கு நம் பிராண்ட் புரியாது.

ஏறும் முன் சில எச்சரிக்கைகள்

* சியாட்டிலுக்கும் நமக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். விமானத்திலிருந்து இறங்கி நாலைந்து நாளாவது ஓய்வெடுத்த பிறகு கப்பல் ஏறுங்கள்.

* தலைசுற்றல், வாந்திக்குப் பயப்படுகிறவர்களுக்கு வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல் நல்லது. பெரும்பாலும் தீவுகளுக்கு உட்புறமாகவே போகும். சியாட்டில் கப்பல்கள் பல, வெளிக்கடல் வழியாகப் போவதால் ஆட்டம் சற்று அதிகம். எந்தக் கப்பலானாலும் நடுப்பகுதியில் கீழ்த்தள அறையில் ஆட்டம் குறைவு. வாந்தி மாத்திரையை டாக்டரைக் கேட்டே வாங்குங்கள். பிராஸ்டேட் தொல்லையும் கிளாக்கோமாவும் உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது.

* கூட்டமாக இருக்கும் இடத்தில் நோரோ வைரஸ் வேகமாகப் பரவும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று இரண்டு நாள் படுக்கவைத்துவிடும். சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். சாப்பிடும் முன்பும் கழிவறைக்குப் பிறகும் சோப்புப் போட்டு இருபது விநாடி கையைக் கழுவுங்கள்.

* ஷுகர் உள்ளவர்களுக்கு பஃபே ஒரு பரீட்சை. ஒரே தட்டு, ஒரே சுற்று என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இன்சுலினும் மாத்திரைகளும் கைப்பையிலேயே இருக்கட்டும். சைவம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

* கோடையிலும் குளிர் உண்டு, மழையும் உண்டு. பெரிய கோட் ஒன்றைவிட மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே மழைக்கோட்டு அணிவது நல்லது. ஆகஸ்ட், செப்டம்பரைவிட மே, ஜூனில் மழை குறைவு. ஜூனில் ஜூனோவில் பதினெட்டு மணி நேரம் பகல் என்பதால், திரையை நன்றாக இழுத்து மூடினால்தான் தூக்கம் வரும்.

* கப்பல் டாக்டரின் பில் கையைக் கடிக்கும். மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவையும் சேர்த்த பயண இன்ஷூரன்ஸ் எடுங்கள். பாலிசி எடுக்கும்போது பழைய நோயை மறைத்தால் கிளெய்ம் கிடைக்காது.

* அமெரிக்காவிலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பும் கப்பல்களும் வழியில் கனடாவைத் தொடும். 1886-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்றுதான் காரணம். ஆகவே, இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசாவும், அமெரிக்காவுக்குள் திரும்ப நுழையும் அனுமதியும் வேண்டும். பிள்ளைகளின் விசா தேதியையும் பாருங்கள்.

கடன் வாங்கிப் போக வேண்டாம்

பிள்ளை கல்விக்கடனைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அவன் தலையில் இந்தச் செலவையும் கட்டாதீர்கள். பணம் போதாவிட்டால், ஒரு வாடகைக் காரில் மூன்று நாள் பக்கத்து மலைக்குப் போனாலும் போதும். தேவை கப்பல் அல்ல, அவசரமில்லாத நேரம்.

இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் பையனுக்குக் கல்யாணம், பொண்ணுக்கு வேறு ஊரில் வேலை. நாலு பேரும் ஒரே மேஜையில் உட்காரும் நாட்கள் இனி எத்தனை? பனிப்பாறை பின்வாங்கியதை விஞ்ஞானிகள் அளந்து சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகள் நம்மை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதை நாம்தான் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். திட்டாமல், துருவாமல், பக்கத்தில் நின்று பாருங்கள். "நல்லா இருக்கேம்மா" என்ற அந்த வார்த்தை உண்மைதானா என்று அப்போதுதான் தெரியும்.