சேதுக் காசு நல்லூரின் காசே

ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவம். மறுபக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, அதன் மேலே பிறை, கீழே தமிழில் ‘சேது’ என்ற இரண்டே எழுத்து. இந்தச் செப்புக்காசை இராமநாதபுரம் சேதுபதிகளுடையது என்று 19ஆம் நூற்றாண்டின் நாணய ஆய்வாளர் சிலர் எழுதி வைத்தனர். நல்லூரைத் தலைநகராகக் கொண்ட யாழ்ப்பாண அரசு தனக்கென்று காசு அடிக்கவில்லை என்ற எண்ணமும் அதனுடன் ஒட்டிக்கொண்டது. சுவாமி ஞானப்பிரகாசர் 1920இலேயே இதை மறுத்தார். 1924இல் இலங்கை நாணயங்களைப் பற்றி எழுதிய கொட்றிங்டனும் இந்தக் காசுகளை யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகளுக்கே உரியவையாக வைத்தார். இருந்தும் பழைய கூற்று இன்றுவரை ஓயவில்லை. அதன் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: ‘சேது’ என்ற சொல்லே சேதுபதியைக் குறிக்கிறது.

குறிக்க வேண்டியதில்லை. ஆரியச்சக்கரவர்த்திகள் தங்களைச் ‘சேதுகாவலர்’ என்று அழைத்துக்கொண்டவர்கள். கேகாலைப் பகுதியில் உள்ள கொட்டகம கல்வெட்டு அவர்களுள் ஒருவனான சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைப் பாடும் தமிழ்ப் பாட்டு. அது ‘சேது’ என்ற மங்கலச் சொல்லோடுதான் தொடங்குகிறது. கல்லில் அவர்கள் பொறித்த சொல் காசிலும் இருந்தால், அது யாருடைய காசு என்று வேறு எங்கே போய்த் தேடுவது? நந்தியும் நல்லூர் அரசரின் கொடிச் சின்னமே.

இரண்டாம் வாதம்: இராமேசுவரத்துக் கரையிலும் இந்தக் காசு கிடைக்கிறது.

கிடைக்கத்தான் செய்யும். பாக்குநீரிணை காசுக்கு மதில் அல்ல. ஒரு காசு கிடைத்த இடத்தை மட்டும் வைத்து அதன் அரசனைச் சொல்ல முடியாது. காலமும் பொருந்த வேண்டும். மதுரை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சடைக்கத் தேவரை அமர்த்திய பிறகே சேதுபதிகளின் ஆட்சி வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது. அவருக்கு முன்னும் சேதுபதிகள் இருந்தனர் என்ற மரபை நான் இகழவில்லை. ஆனால் சேதுக் காசின் நிற்கும் உருவம் இராசராச சோழன் காலத்தில் வந்து, பொலன்னறுவை மன்னர் தொடர்ந்து அடித்த காசின் வழிவந்தது. அந்த வடிவம் 17ஆம் நூற்றாண்டில் முளைத்ததன்று. நல்லூரோ 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழும் வரை அரசிருக்கையாக இருந்தது.

மூன்றாம் வாதம்: காசில் மன்னன் பெயர் இல்லை, எனவே எந்த அரசுக்கு உரியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

தனி மன்னன் வேறு, அரசமரபு வேறு. இங்கிலாந்தின் வெள்ளிப் பென்னிகளைப் பாருங்கள். சேதுக் காசைப் போலவே அவையும் இரண்டு அச்சுகளுக்கு இடையே தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தவையே. 1180 முதல் 1247 வரை அடித்த குறுஞ்சிலுவைப் பென்னியில் ‘ஹென்றி’ என்ற பெயரே இருந்தது. இடையில் ரிச்சர்டும் ஜோனும் ஆண்டபோதும் அந்தப் பெயர் மாறவில்லை. அதனால் அவை இங்கிலாந்துக் காசு அல்ல என்று எவரும் சொல்வதில்லை. எழுத்தின் அமைப்பையும் முகத்தின் கோடுகளையும் காசடித்தவர் பெயரையும் ஒப்பிட்டு அவற்றை வரிசைப்படுத்தினார்கள். சேதுக் காசுகளிலும் நிற்கும் உருவம் போகப்போகக் கோடுகளாகச் சிதைவதைக் காணலாம். அந்தச் சிதைவைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்று பிரிக்க இடமுண்டு.

நான்காம் வாதம்: சிறிய அரசு, காசுக்கு என்ன தேவை?

இதற்கு யாழ்ப்பாணத்தை அடுத்த எங்கள் தீவுகளே விடை சொல்கின்றன. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பிறநாட்டார் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து சேர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு வாணிபப் பொருள் ஏற்றிய கலமாயின் சரிபாதி. 12ஆம் நூற்றாண்டில் ஊர்காவற்றுறையில் இவ்வளவு கணக்கு நடந்திருக்கிறது. அல்லைப்பிட்டி மண்ணில் கிடைத்த சீன மட்பாண்ட ஓடுகளும் அந்தக் கடல் வணிகத்துக்குச் சான்று. பின்னர் இந்தக் கடலை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தியை 1344இல் பயணி இபின் பதூதா சந்தித்து, அவனது முத்துக்களையும் கப்பல்களையும் கண்டு எழுதினார். முத்தும் யானையும் கைமாறிய கரையில் சந்தைக்குச் சில்லறை வேண்டாமா? நெடுந்தீவுக்கும் வேலணைக்கும் மீனும் நெல்லும் வாங்கப் போனவனுக்குச் செப்புக்காசுதான் கைக்காசு.

சேதுபதிகள் தங்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டதை நான் மறுக்கவில்லை. அது அவர்களுடைய பெருமை. அதற்காக நல்லூரின் காசை அவர்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

தீவகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். கிணறு வெட்டும்போதோ தோட்டம் கொத்தும்போதோ களிம்பேறிய செப்புக்காசு ஒன்று அகப்பட்டால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தும் சேர்ந்து போய்விடும். எந்தக் காணியில், எவ்வளவு ஆழத்தில், என்னென்ன பொருளோடு கிடைத்தது என்று எழுதி வைத்து, தொல்லியல் அறிந்தவரிடம் காட்டுங்கள். கிடந்த இடம் தெரியாத காசைத்தான் யாரும் எவருக்கும் உரிமையாக்கிவிட முடிகிறது.