மேஸ்திரிக்கு யார் பாடம் நடத்துவது?

அரவைக் காலத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் இரவும் பகலும் வந்தவண்ணமிருக்கும். 2010ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதே ஊரில்தான். ஆலையோ ஆஸ்பத்திரியோ, பலர் கூடி உழைக்கும் இடங்களில் 'ஆளுமை வளர்ச்சி' வகுப்பு நடத்துவது இன்று நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. கோபத்தை அடக்கு, கனிவாகப் பேசு, குறையை உன்னிடமே தேடு என்கிறார்கள்.

நல்ல வார்த்தைகள்தான். யாருக்குச் சொல்கிறார்கள்? சம்பளப் பாக்கி கேட்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பொறுமைப் பாடம். அவரை 'வாடா, போடா' என்றழைக்கும் மேஸ்திரிக்கு ஒரு பாடமும் இல்லை!

அதற்காக, சுயவளர்ச்சியே முதலாளிகளின் சரக்கு என்று நாம் ஒதுக்கிவிடலாமா? கூடாது. 1939ல் யேனானில் லியு ஷாவ்சி எடுத்துக்கொண்ட விஷயமே இதுதான். உலகை மாற்றப் புறப்பட்டவன் தன்னையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அறைக்குள் அமர்ந்து அல்ல, போராட்டத்தின் நடுவே. (அவரையே பின்னாளில் கலாச்சாரப் புரட்சி வதைத்தது வேறு கதை.)

நம் பக்கத்தில் பி. சீனிவாசராவ் இருந்தார். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். 1943 முதல் தஞ்சைச் சேரிகளில் உண்டு உறங்கி, சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாகப் பெற்ற பண்ணையாட்களோடு அவர்கள் தமிழிலேயே பேசினார். அவர்கள் நிமிர்ந்தார்கள்.

இன்றோ, வாயிற்கூட்டத்தில் 'தோழர்களே' என்று முழங்கும் சங்கத் தலைவர் சிலர், கீழே இறங்கியதும் துப்புரவு செய்யும் பெண்ணை 'ஏய்' என்கிறார்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் அந்தப் பெண் முதலில் பேசட்டும். தலைவர் கடைசியில் பேசினால் போதும். அவர் கேட்டதற்கெல்லாம் பதிலோடு வரட்டும்.