படக்கொட்டகைகள் கைமாறுவதேன்?

சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தின் வளாகத்துள் பழங்கட்டடமொன்று உளது. 1913ஆம் ஆண்டில் வார்விக் என்னும் ஆங்கிலேயர் நிறுவிய ‘எலெக்டிரிக் தியேட்டர்’ அஃதே. சென்னையில் படங்காட்டுதற்கென எழுந்த நிலையான கட்டடங்களுள் அது மிக முற்பட்டது. ஆயினும், இரண்டாண்டு கழிந்து 1915இல் அதன் ஆட்டம் நின்றது. கட்டடம் அஞ்சல் துறையின் கைக்குச் சென்றது. அந்நாளில் தொலைக்காட்சி இல்லை; கைப்பேசியோ கனவிலும் இல்லை. எனவே, கொட்டகையொன்று மூடப்பெற்றவுடன் இளைஞர் கையிலுள்ள கைப்பேசியைச் சுட்டிக் குறை கூறும் பெரியோரை, யாம் முதற்கண் அவ்வஞ்சலகத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம்.

கூட்டம் குறைந்தமையாற் கொட்டகை மூடப்படுகின்றது என்பது முழுப்பொய்யன்று. 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது; 1990களில் தனியார் அலைவரிசைகள் வீடுதோறும் படம் காட்டலாயின; 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் பெருந்தொற்றால் அடைக்கப்பட்ட கதவுகள் நவம்பர் 10ஆம் நாள் வரை திறக்கப்படவில்லை. இவையெல்லாம் அடிகளே. ஆனால் அடிபட்ட வணிகம் சுருங்குவதுதான் இயல்பு. நிலத்தோடும் சுவரோடும் விற்றுவிட்டுப் போவானேன்?

விடை அந்நிலத்திலேயே கிடக்கின்றது. கொட்டகை கட்டியோர் பெரும்பாலும் ஊரின் ஓரத்தில், மலிவாகக் கிடைத்த பரந்த மனையிற் கட்டினர். ஊர் வளர்ந்து அம்மனையை நடுவே வைத்துக்கொண்டது. இருக்கையொன்றுக்கு வரும் கட்டணத்தை அரசு வரையறுத்தது. இருக்கையின் கீழுள்ள நிலத்தின் விலையை வரையறுப்பார் ஒருவருமில்லர். மதுரைத் தங்கம் கொட்டகையைக் காண்க. 1952ஆம் ஆண்டுத் தீபாவளியன்று ‘பராசக்தி’ப் படத்தோடு திறக்கப்பெற்றது, இரண்டாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் ஒருங்கமர்ந்து காணும் பரப்புடையது, ஆசியாவிலேயே பெரியதென ஊரார் பெருமை பேசியது. இன்று அவ்விடத்தே ஜவுளிக்கடை நிற்கின்றது. தீபாவளிக் கூட்டம் இப்பொழுதும் அவ்விடத்திற்கே வருகின்றது, துணி எடுப்பதற்கு! சென்னையில் மூன்று அரங்குகளை ஒரு கூரையின்கீழ் வைத்து 1964இல் எழுந்த சஃபையர் 1994இல் மறைந்தது. காமராசர் 1961இல் திறந்துவைத்த சாந்தி 2016இலும், 1983இல் எழுந்த உதயம் 2024இலும் ஆட்டத்தை நிறுத்தின. இவற்றுள் ஒன்றும் ஊர்க்கோடியிற் கிடந்ததன்று என்பதை நோக்குக.

இரண்டாவது காரணம் படம் ஓடும் முறையைப் பற்றியது. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அக்காலத்திற் படச்சுருளின் படிகள் சில. அவை பெருநகரில் ஓடித் தேய்ந்த பின்னரே சிறு நகருக்கும், அதன் பின்னர் மணற்றரையில் மக்கள் அமர்ந்து காணும் டூரிங் கொட்டகைக்கும் சென்றன. ஆதலின் ஒவ்வொரு கொட்டகைக்கும் முறையொன்று இருந்தது. காத்திருந்தால் படம் வந்துசேரும். இன்று சுருளில்லை. ஒரே நாளிற் பன்னூறு திரைகளிற் படம் விழுகின்றது. இரண்டு வாரத்திற் சாறு முழுதும் பிழியப்படுகின்றது. முதல் வாரத்து வசூலிற் பெரும்பங்கு விநியோகஸ்தர்க்கு உரியது. வாரம் செல்லச் செல்லவே கொட்டகைக்காரரின் பங்கு உயரும். அவ்வுயர்ந்த பங்கு வரவேண்டிய வாரத்திற் படமே இல்லையெனின் அவர் என் செய்வார்? ஆயிரம் இருக்கை கொண்ட பெருங்கூடம் வெள்ளி முதல் ஞாயிறு வரை நிறைந்து, திங்களன்று வெறுமையாகின்றது. சிற்றரங்குகள் பலவாகப் பிரித்தவர் பிழைக்கின்றனர். பிரிக்க முதலில்லாதவர் விற்கின்றனர்.

வரியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2017ஆம் ஆண்டு ஜூலையிற் சரக்கு, சேவை வரி வந்தபொழுது 100 ரூபாய்க்கு மேற்பட்ட சீட்டிற்கு நூற்றுக்கு 28 வீதம் விதிக்கப்பெற்றது. அதன்மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் நம் மாநிலத்திற் சேர, கொட்டகைக்காரர் கதவடைத்தனர். பின்னர் இரண்டும் குறைக்கப்பட்டன. ஆயினும், ஏழை மக்களின் மாலைப்பொழுதைச் சூதாட்டத்தோடு ஒரு நிரையில் வைத்து வரியிறுக்கும் எண்ணம் அரசினரிடம் எங்ஙனம் தோன்றிற்றோ, யாமறியோம்.

தந்தை கட்டியதை மக்கள் நால்வர் பங்கிடுங்கால், கட்டடத்தை நான்காக வெட்டவொண்ணாது, பணத்தை வெட்டலாம். இதுவும் கைமாறுதற்கு ஒரு வாயில்.

இனி, கைமாறுதல் யாவும் தீதென்று யாம் கூறவில்லை. புதிய முதலால் நாற்காலி மாறும், கழிப்பிடம் தூய்மையுறும், மகளிர் அச்சமின்றி வருவர். ஆனால் உடைமை எத்துணைத் தொலைவு செல்கின்றதென்பதை எண்ணவேண்டும். சென்னையிற் சத்தியம் முதலிய அரங்குகளை நடாத்திய நிறுவனத்தின் பெரும்பங்கை 2018இல் வடநாட்டு பிவிஆர் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனமே 2023இல் ஐநாக்ஸுடன் இணைந்தது. முன்னாளிற் கொட்டகைக்காரர் மாலையில் வாயிலில் நிற்பார். படம் அறுந்தால் அவரை நேரே ஏசலாம். இன்று ஏசுதற்கு ஆளில்லை. இலாபமோ படத்தினும் சோளப்பொரியில் மிகுதி.

நம் திருச்சபைப் பெரியோருள், “கொட்டகை ஒழிந்தாற் கேடும் ஒழிந்தது” என மகிழ்வாரும் உளர். அவர்கட்கு ஒரு செய்தி நினைவூட்டுவோம். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கிறித்தவர் 1905இல் துப்பான் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கிக் கூடாரத்தோடு ஊர்தோறும் சென்றார். அவர் காட்டிய படங்களுள் இயேசுபெருமானின் வாழ்க்கையும் ஒன்று. பின்னர் அவர் கோயம்புத்தூரிற் கட்டிய வெரைட்டி ஹாலின் பெயரை அங்குள்ள சாலை இன்றும் தாங்கிநிற்கின்றது. கூடாரத்து மணலிற் குந்தியிருந்தோரிற் பலர் கோயில் வாயிலிலும் உணவுச்சாலை வாயிலிலும் தடுக்கப்பட்டவர். காசு கொடுத்தால் எவரும் நுழையலாம் என்னும் நியாயத்தைக் கொட்டகை தொடக்கமுதலே கற்பித்தது. உள்ளே தரை, பெஞ்சு, நாற்காலி என வேற்றுமை இருந்ததுண்டு; ஆனால் திரை ஒன்றே, இருள் ஒன்றே.

அழிவதற்கு யாம் வருந்துவது அம்முன்வரிசைக்கே, பெருங்கூடத்தின் சுதைவேலைப்பாட்டிற்கன்று. உரிமையாளரின் நல்லெண்ணமும் அதனைக் காக்குமென நம்புதற்கில்லை. சென்னையின் பளிங்குத்தரைப் பல்லரங்குகளிலும் பல்லாண்டு 10 ரூபாய்ச் சீட்டு விற்கப்பட்டது. விற்றவர் வள்ளலாயிருந்ததாலன்று, இத்துணை இருக்கை இக்கட்டணத்திற்கென அரசு விதித்திருந்ததால். ஆகவே கொட்டகை எவர் கைக்குச் செல்லினும் அவ்விதியும் உடன்செல்லுமாறு உரிமத்திலேயே எழுதுக; குறைந்த கட்டணச் சீட்டிற்கு வரியை அடியோடு நீக்குக; பெருங்கூடத்தைச் சிற்றரங்குகளாக்க விழையும் சிறுமுதலாளிக்குக் கூட்டுறவு வங்கி கடனுதவுக. இவ்வளவு செய்த பின்னரும் ஒருவர் தம் நிலத்தை ஜவுளிக்கடைக்கு விற்பாராயின் அஃது அவர் உரிமை. யாம் குறுக்கே நில்லோம்.