வட்டில் இருப்பதும் வசத்தில் இருப்பதும்

நிறுவனங்களுக்கென்று விட்டுவைக்கப்பட்டிருந்த கொள்கை விலக்கு குரோம் 138ஆம் பதிப்போடு முடிந்து, 139 முதல் மேனிஃபெஸ்ட் வி2 நீட்சிகள் எவ்வகையிலும் இயங்கா என்பது 2025இல் ஸ்திரமாகிவிட்டபடியால், இவ்விதழும் தன் அபிப்பிராயத்தைச் சொல்லியாக வேண்டிய சந்தர்ப்பம் வந்துவிட்டது. வெப்ரிக்வெஸ்ட்டின் தடுக்கும் சக்தி போய் டிக்ளரேட்டிவ்நெட்ரிக்வெஸ்ட் வந்ததன் சாதக பாதகங்களை வாசகர்கள் அனுபவத்தில் அறிவார்கள். வெளிச் சேவையகத்திலிருந்து நிரலை வரவழைத்து ஓட்டும் வழக்கம் ஒழிந்தது நன்மையே என்பதில் நமக்கும் ஆட்சேபம் இல்லை.

நாம் நெடுநாளாக வற்புறுத்தி வரும் விஷயம் வேறு. கடையிலிருந்து இறங்கும் சிஆர்எக்ஸ் பொதியைக் குரோம் பிரித்து, பயனர் சுயவிவரத்தின் எக்ஸ்டென்ஷன்ஸ் கோப்புறையில், 32 எழுத்து அடையாளத்தின் கீழ், பதிப்பு எண்ணிட்ட உட்கோப்புறையில் பரப்பிவிட்டு, மூலப்பொதியை அப்புறப்படுத்திவிடுகிறது. புதுப்பிப்பு வந்தபின் பழைய உட்கோப்புறையும் துடைக்கப்படுகிறது. கடையோ நடப்புப் பதிப்பைத் தவிர வேறொன்றையும் தருவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்பிஐ பொதியைப் பிரிக்காமல் முழுமையாகவே சுயவிவரத்தில் வைத்திருப்பதையும், மொசில்லாவின் தளம் முந்தைய பதிப்புகளை வரிசைப்படுத்தித் தருவதையும் பார்க்கும்போது, இது தொழில்நுட்ப நிர்ப்பந்தம் அன்று, விருப்பத்தின் பேரில் செய்துகொண்ட ஏற்பாடே என்பது விளங்கும்.

இதன் விபரீதம் சாமானியமானதன்று. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் நீட்சியின் 24.10.4 பதிப்பில் தீய நிரல் புகுந்து, தானியங்கிப் புதுப்பிப்பின் வழியே பயனர்களிடம் பரவியது; திருத்திய பதிப்பு அதே வழியில் வரும்போது, விசாரணைக்குப் பிரதான சாட்சியாக நிற்க வேண்டிய பழைய கோப்புறையையும் அகற்றிவிடும் விதமாகவே இந்தச் சேமிப்பு முறை அமைந்திருக்கிறது. எந்தப் பதிப்பு எந்த நாளில் எதைச் செய்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பை நிர்வாகிகளின் தலையில் சுமத்திவிட்டு, நிரூபணத்துக்கு வேண்டிய ஒரே ஆதாரத்தை அவர்களைக் கேளாமலே அழிப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? வி2 நீட்சிகளை நிறுத்துவதற்குக் காலக்கெடுவும் எச்சரிக்கைப் பட்டைகளும் ஆயத்தம் செய்ய முடிந்தவர்களுக்கு, கடையில் பழைய பொதிகளுக்கென ஒரு காப்பகம் திறக்க மட்டும் இயலாமற்போனது, பயனரின் உரிமையை அவர்கள் ஒரு பொருட்டாக எண்ணாததையே காட்டுகிறது.

அதிகாரத்தில் உள்ளோர் மனம் மாறும்வரை காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு நீட்சியின் சிஆர்எக்ஸ் பொதியையும் பரவலாக நிறுவுவதற்கு முன்பே தனியே சேமித்து, அதன் ஹாஷைப் பதிவேட்டில் குறித்து, நிர்வாகக் கொள்கை இடங்கொடுக்கும் கணினிகளில் சொந்தப் புதுப்பிப்பு முகவரியிலிருந்தே விநியோகிக்குமாறு நம் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.