காற்றுத் தூரிகை வாங்குமுன்

மாதிரி விமானம் செய்யும் மாணவர்கள், நாலைந்து விமானங்களை ஒட்டி முடித்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “எயர்பிரஷ் வாங்குவதானால் எதை வாங்குவது?” பெற்றோர் கேட்பதோ, “அது வேண்டியதுதானா?” என்பது. இரண்டிற்கும் விடை காண்போம்.

மெய்யான ஸ்பிற்பயர் விமானத்தின் சிறககலம் 11.23 மீற்றர். அதனை 72இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய 15.6 சதமமீற்றராகும். இச்சிறு பரப்பிலே மயிர்த்தூரிகை விட்டுச்செல்லும் தடம் ஒவ்வொன்றும் வயல்வரப்புப் போலப் புடைத்துத் தோன்றும். காற்றுத் தூரிகையோ வர்ணத்தை நுண்துளிகளாகச் சிதறி, மெல்லிய படலமாகப் படியச் செய்கிறது. ஆகவே, இக்கலையில் நிலைத்த ஆர்வமுடையோர்க்கு அது ஆடம்பரமன்று.

இக்கருவியில் இருவகை உண்டு. ஒன்றில், விசையை அழுத்தினால் காற்றும், முன்னரே திருத்தி வைத்த அளவில் வர்ணமும் ஒருங்கே வரும். மற்றதில், விசையை அழுத்தினால் காற்று வரும். பின்னுக்கு இழுத்தால் வர்ணம் வரும். இழுக்கும் அளவே வர்ணத்தின் அளவு. பழகச் சில நாட்கள் செல்லினும் இரண்டாவதே சிறந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால மெசர்ஸ்மித் விமானங்களின் பக்கங்களிற் காணும் மங்கிய புள்ளிகளை இட அதுவே கைகொடுக்கும்.

வர்ணக் கிண்ணம் மேலே அமைந்ததைத் தெரிக. வர்ணம் தானே கீழிறங்குவதால் குறைந்த அழுத்தமும் சில துளி வர்ணமுமே போதும். நுனித்துவாரம் 0.2 மில்லிமீற்றராயின் எளிதில் அடைபடும், 0.5 ஆயின் நுண்கோடு வராது. முதற்கருவிக்கு 0.3 பொருத்தமானது.

காற்றுக்கு, அழுத்தத்தைச் சீராக்கும் கருவியும் நீர்பிரிப்பானும் பொருந்திய கொம்பிரசரே ஏற்றது. நம் நாட்டைப்போல ஈரலிப்பு மிக்க இடங்களில் நீர்பிரிப்பான் இன்றேல், திடீரென நீர்த்துளி தெறித்துப் பூச்சைக் கெடுத்துவிடும். வர்ணத்தைப் பாலின் பதத்திற்குக் கரைத்து, சதுர அங்குலத்திற்கு 15 முதல் 20 இறாத்தல் அழுத்தத்தில் தொடங்கலாம். வேலை முடிந்தவுடன் கருவியைக் கழுவாவிடின், எத்துணை விலையுயர்ந்ததாயினும் பயனில்லை.

பெற்றோர் கவனிக்கவேண்டியது இனிமேல்தான். சிதறும் வர்ணத் துகள் நெஞ்சினுள்ளும் செல்லும். தின்னர் கலந்த வர்ணமாயின் அதன் ஆவியும் தீங்கானது, தீப்பற்றவும் கூடியது. துணியால் மூக்கைக் கட்டுவது ஆவியைத் தடுக்காது. வடிகட்டி பொருத்திய முகமூடியும், காற்றோட்டமுள்ள இடமும் வேண்டும். அருகில் அடுப்போ விளக்கோ கூடாது, கைக்குழந்தைகளும் இருத்தலாகாது. நீரிற் கரையும் அக்கிரிலிக் வர்ணத்துடன் தொடங்குவது நன்று. அதற்கும் முகமூடி அவசியமே.

எனவே, கையிலுள்ள பணத்தில் முதற்பங்கு முகமூடிக்கு, அடுத்தது கொம்பிரசருக்கு, பின்னரே தூரிகைக்கு. முகமூடிக்குப் பணம் சேரும்வரை பழைய மயிர்த்தூரிகையே போதும். விமானம் காத்திருக்கும், கெட்ட நெஞ்சு எளிதில் தேறாது.