மருத்துவ பீட வாசலில் இன்னொரு பரீட்சை

உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழகத் தெரிவும் உறுதியாகிவிட்டால், புத்தளம் தில்லையடிப் பிள்ளை அன்றைக்கே ஊருக்கு 'டொக்டர்' ஆகிவிடுகிறார். உம்மாவின் சீனி வருத்தத்துக்கு இந்தக் கஷாயம் நல்லதா, குழந்தைக்கு அந்த ஊசி போடலாமா, வட்ஸ்அப்பில் வந்த செய்தி உண்மையா என்று கேள்விகள் வரிசையாக வரும். தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் துறைகளுக்குப் போகிறவர்களையும் ஊர் விடுவதில்லை. விடை தெரியாதிருப்பது குற்றமல்ல. விடையை எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படி எடைபோடுவது என்பது தெரியாமல் வெள்ளை அங்கி அணிவதுதான் ஆபத்து. புதிய மாணவரிடம் இந்தத் திறன் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சுகாதாரத் துறைப் பீடங்களும் தாதியர் கல்லூரிகளும் முதல் வாரத்திலேயே அளந்து பார்க்க வேண்டும்.

இத்திறன் இல்லாததன் விலையை இந்த நாடு நன்றாக அறியும். 2018 பெப்ரவரி இறுதியில், கறியில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய வதந்தியால் அம்பாறையில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது கறியில் இருந்தது வெறும் மாக்கட்டி. 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட பாணிக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது.

இவற்றில் ஏமாந்தவர்கள் பாமர மக்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (உடல்களை) எரித்த விடயத்தில் அப்படிச் சொல்ல வழியில்லை. கொரோனாவால் இறந்தோரைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24 அன்றே வழிகாட்டியது. ஆனாலும் ஏப்ரலில் எரிப்பைக் கட்டாயமாக்கும் வர்த்தமானி வெளிவந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்ற வாதத்துக்குச் சுகாதார அமைச்சின் நிபுணர் குழுவே துணைநின்றது. அடக்கம் செய்யலாம் என்று இலங்கை மருத்துவச் சங்கம் வெளிப்படையாகச் சொல்ல 2021 ஜனவரி ஆனது. விதி மாறியது பெப்ரவரியில். அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 ஜூலையில். கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் புத்தளத்தாருக்கு நிலத்தடி நீர் பற்றிய பயம் சிறியதல்ல. அதனாலேயே, 'இதற்குச் சான்று எங்கே?' என்று முதல் நாளே கேட்கக்கூடிய மருத்துவர்கள் நமக்குத் தேவைப்பட்டார்கள். பட்டங்களுக்கு அன்று பஞ்சம் இருக்கவில்லை.

நமது பாடசாலைகள் அந்தக் கேள்வியைப் பழக்குவதில்லை. உயிரியல் பிரிவு மாணவர் இரண்டு வருடமும் ரியூட்டரிக் குறிப்பையும் கடந்தகால வினாத்தாளையும் மனனம் செய்தே இஸட் புள்ளியை எட்டுகிறார். விடை எப்போதும் ஒன்று; அதைத் தருகிறவர் ஆசிரியர். பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சையும் கணினியை இயக்கத் தெரியுமா என்றே பெரிதும் பார்க்கிறது. தமிழில் படித்த பிள்ளை மருத்துவ பீடத்தில் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாறும்போது, புரியாத மூலத்தை விட்டுப் புரிகிற யூடியூப் காணொளியை நாடுவது இயல்பே.

கைபேசியோடு வளர்ந்த தலைமுறைக்குத் தேடச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். 2006 இல் அமெரிக்காவின் மத்திய மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. சுகாதாரத் தகவலைத் தேடுவதில் தாம் திறமைசாலிகள் என்று நம்பிய மாணவர் பலர், செய்து காட்டச் சொன்னபோது தடுமாறினார்கள். எனவே 'உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டு வட்டமிடச் சொல்லும் வினாக்கொத்து உதவாது. வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தட்டம்மைக்கான எம்.எம்.ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998 இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையைக் கையில் கொடுங்கள். அதை 2010 இல் அவ்விதழே மீளப்பெற்றுவிட்டது என்பதை மாணவர் கண்டுபிடிக்கிறாரா? ஒரே மருந்தைப் பற்றி விற்பனை நிறுவனத்தின் துண்டுப்பிரசுரம், முகநூல் பதிவு, பப்மெட்டில் எடுத்த ஆய்வு மூன்றையும் கொடுத்தால் எதை முதலில் நம்புகிறார், ஏன்? பிறர் எழுதியதை எடுத்தாளும்போது உரியவரின் பெயரைச் சொல்கிறாரா? இதற்கு ஒரு மணி நேரமும் ஒரு கணினி அறையும் போதும்.

பாடத்திட்டத்தில் இடமில்லை, ஆராய்ச்சி செய்யும் ஆண்டில் கற்றுக்கொள்வார்கள் என்பது பீடங்களின் வழக்கமான பதில். அதற்குள் குறிப்பை நம்பிப் படிக்கும் பழக்கம் ஊறிவிடும். தாதிய மாணவியோ அதற்கு முன்பே நோயாளியின் கட்டிலருகே நிற்பார்.

இந்த அளவீடு தரப்படுத்தலாக மாறக்கூடாது. புள்ளிகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், மாவட்ட ஒதுக்கீட்டில் வரும் புத்தளம், மன்னார், முல்லைத்தீவுப் பிள்ளைகள்தான் முதலில் தலைகுனிவார்கள். பரீட்சை மும்மொழியிலும் நடக்கட்டும். பெறுபேறு மாணவருக்கும் கற்பிப்பவருக்கும் மட்டும் தெரியட்டும். பின்தங்கியவர்களுக்கு, நூலகர் நடத்தும் புள்ளியுள்ள பாடம் முதலாம் ஆண்டிலேயே அமையட்டும். அறிமுக நாளில் நூலகத்தைச் சுற்றிக்காட்டுவது அதற்கு ஈடாகாது. வருட இறுதியில் அதே பரீட்சையை மீண்டும் வைத்தால் கற்பித்தலின் தரமும் தெரிந்துவிடும்.

வளர்முக நாடுகளின் மருத்துவ நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிடும் ஹினாரி திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2002 இல் தொடங்கியது. கதவைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே நடக்கத் தெரியவேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் சுகாதார அமைச்சும் அடுத்த மாணவர் அணியிலிருந்தே இந்த அளவீட்டைக் கட்டாயமாக்க வேண்டும்.