12 நிமிஷம்... 55 பேர்... மிச்சப் பேர்?



'ஸ்கூல் பேண்டு'ன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? சுதந்திர தினக் காலை. வெள்ளை பேன்ட், ஷூவுக்கு பாலிஷ். சைடு டிரம், பேஸ் டிரம், பியூகிள், நாலஞ்சு புல்லாங்குழல். கொடி ஏத்தினதும் ஒரு மார்ச் பாஸ்ட், கையில் ஒரு மிட்டாய், அவ்வளவுதான். அடுத்த ஸ்போர்ட்ஸ் டே வரைக்கும் டிரம்மெல்லாம் பி.டி. ரூம் மூலையில் தூசியோடு தூங்கும். நம்ம ஊர்ல நிறைய ஸ்கூல்ல இதுதான் நிலவரம்.

இதே ஸ்கூல் பேண்டுக்காக லீவு, தூக்கம், விளையாட்டு எல்லாத்தையும் விட்டுக்கொடுக்கிற பசங்க ஒரு நாட்டில் இருக்காங்க. அது ஜப்பான். அவங்க கதையில் ரேங்க், கட்-ஆஃப், செலக்‌ஷன் லிஸ்ட்னு நமக்கு நல்லாத் தெரிஞ்ச சமாச்சாரங்களும் இருக்கு. அதனாலதான் இந்த வாரம் அங்கே ஒரு விசிட்!

போட்டின்னா இது போட்டி!

அகில ஜப்பான் பேண்டு போட்டி 1940-ல் ஆரம்பிச்சது. உலகப் போரால் நின்னுபோய், 1956-ல் மறுபடி உயிர் வந்தது. மாவட்டம், மாநிலம், மண்டலம்னு ஒவ்வொரு படியா ஜெயிச்சு ஏறினாத்தான் அக்டோபர்ல நடக்கிற தேசியச் சுற்று.

விதிமுறை ரொம்ப சிம்பிள். ரெண்டு பீஸ் வாசிக்கணும். ஒண்ணு, அந்த வருஷத்துக்குன்னு அறிவிச்ச பட்டியல்ல இருந்து. இன்னொண்ணு, நம்ம இஷ்டம். ரெண்டும் சேர்த்து, நடுவுல பக்கம் புரட்டுற நேரமும் சேர்த்து, 12 நிமிஷம். தாண்டினா, எவ்வளவு பிரமாதமா வாசிச்சிருந்தாலும் அவுட்!

அடுத்த விதிதான் முக்கியம். ஹைஸ்கூல்களுக்கான பெரிய பிரிவில் மேடையில் உட்கார அதிகபட்சம் 55 பேர். ஆனா, 100 பேருக்கு மேல இருக்கிற பேண்டுகள் அங்கே பல உண்டு. மிச்சப் பேர் என்ன பண்ணுவாங்க? கேள்வியை மனசுல வெச்சுக்கோங்க, வர்றேன்.

இன்னொரு கொடுமையும் இருக்கு. இந்தப் போட்டியில் ஒரே ஒரு டீமுக்கு மட்டும் தங்கம் தர்றதில்லை. வாசிச்ச எல்லா டீமுக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலத்துல ஏதோ ஒண்ணு கிடைக்கும். அதனால தங்கம் வாங்கியும் அடுத்த சுற்றுக்குத் தேர்வாகாம போகலாம். அதுக்கு மாணவர்கள் வெச்சிருக்கிற பேர் 'டமே கின்'. நம்ம பாஷையில் சொன்னா, உதவாத தங்கம். டிஸ்டிங்ஷன் வாங்கியும் கட்-ஆஃப்ல தவறவிட்ட ஃபீலிங் தெரியும்தானே? அதேதான் பாஸ்!

ஒரே ஒரு ஸ்வரம்

பிராக்டிஸ்னதும் எடுத்த எடுப்பிலே பாட்டு வாசிப்பாங்கன்னு நினைக்காதீங்க. முதல்ல ஒரே ஸ்வரத்தை, மூச்சு தீர்ற வரைக்கும், அசையாம இழுக்கணும். இதுக்குப் பேரு லாங் டோன். கிளாரினெட்டோ டியூபாவோ, எந்த வாத்தியமா இருந்தாலும் இதிலிருந்துதான் தொடக்கம். அப்புறம் ஸ்கேல், அப்புறம் மெட்ரோனோம் டிக் டிக்கோடு ஒவ்வொரு வரியா. வாத்தியத்தைக் கீழே வெச்சுட்டு, அவங்கவங்க பகுதியை வாயாலே பாடிப் பார்க்கிறதும் உண்டு. வாயில் வராத சுருதி வாத்தியத்திலும் வராதுங்கிறது கணக்கு.

இதில் நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கும் வேலை இருக்கு. குழலுக்குள்ள இருக்கிற காற்று சூடானா ஒலியின் வேகம் கூடும், சுருதி ஏறும். குளிர்ந்தா இறங்கும். ஏ.சி. அறையில் சரியா வெச்ச சுருதி, கோடை வெயில்ல காத்திருந்துட்டு மேடை ஏறினா மாறியிருக்கும். அதனால சுருதி சேர்க்கிறது ஒரு தடவை முடிச்சுட்டு மறந்துடுற வேலை இல்லை. வாசிக்கும்போதே பக்கத்துல இருக்கிறவரைக் கேட்டுக் கேட்டு சரி பண்ணிட்டே இருக்கணும். சத்தம் போட யாராலயும் முடியும். கேட்கிறதுக்குத்தான் வருஷக்கணக்கா பயிற்சி!

லிஸ்ட் ஒட்டுற நாள்

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். பல ஸ்கூல்ல 55 பேரை ஆடிஷன் வெச்சுத்தான் எடுக்கிறாங்க. சீனியர், ஜூனியர் சலுகை எல்லாம் எங்கேயும் ஒரே மாதிரி இல்லை. ஹைஸ்கூல் அங்கே மூணே வருஷம். கடைசி வருஷ மாணவி வெளியே நிக்க, நேத்து சேர்ந்த பொண்ணு உள்ளே போறதும் நடக்கலாம். 'ஹிபிகே! யூஃபோனியம்'னு 2015-ல் வந்த அனிமே தொடர் இந்த ஆடிஷன் சண்டையைத்தான் முக்கியமான திருப்பமா வெச்சிருந்தது. சோலோ வாசிக்கப்போறது மூணாம் வருஷ சீனியரா, முதல் வருஷ ஜூனியரா? பார்த்தவங்க எல்லாம் நகத்தைக் கடிச்சாங்க!

லிஸ்ட்ல பேர் இல்லாதவங்க வீட்டுக்குப் போயிடுறதில்லை. டிம்பனி, சைலோஃபோன் மாதிரி பெரிய பெரிய வாத்தியங்களை லாரியில் ஏத்துறது, இறக்குறது, மேடைக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்துறதுன்னு அவங்க இல்லாம அந்த 12 நிமிஷமே இல்லை. சில இடங்களில் சின்னக் குழுக்களுக்கான தனிப் பிரிவில் அவங்களும் வாசிக்கலாம். 'இதெல்லாம் ஒரு ஆறுதலா?'ன்னு கேட்டா, முழுசா இல்லைதான். வலி வலிதான். ஆனா, மறுநாளும் அதே ரூமுக்கு வந்து அதே லாங் டோனை இழுக்கிறாங்க பாருங்க, அங்கேதான் நான் ஆச்சரியப்பட்டேன்.

எல்லாமே ஆஹா ஓஹோன்னு சொல்லவும் மாட்டேன். லீவே இல்லாம, ராத்திரி வரைக்கும் பிராக்டிஸ்னு பசங்களைப் பிழியறாங்கன்னு ஜப்பான்லயே பெரிய விவாதம் கிளம்பிச்சு. 2018 டிசம்பர்ல அந்த நாட்டின் கலாசாரத் துறை வழிகாட்டுதல் கொடுத்தது. வாரத்துக்கு 2 நாளாவது லீவு, கிளாஸ் இருக்கிற நாள்ல 2 மணி நேரம், லீவு நாள்ல 3 மணி நேரம் போதும்னு சொல்லிச்சு. ஆர்வம் எங்கே முடியுது, வதை எங்கே ஆரம்பிக்குதுன்னு அரசாங்கமே கோடு போட வேண்டிய நிலைமை!

ரோட்டுக்கு வந்தா எல்லாரும்!

மேடைக்குத்தான் அந்த 55 கணக்கு. ரோட்டுல நடந்து வாசிக்கிற அணிவகுப்புக்கு அது கிடையாது. கியோட்டோ நகரத்தின் டாசிபானா ஹைஸ்கூல் பேண்டு இதில் செம ஃபேமஸ். ஆரஞ்சு கலர் யூனிஃபார்ம்ல, டிரம்பெட் வாசிச்சுக்கிட்டே குதிச்சு ஆடுவாங்க! அமெரிக்காவின் பாசடீனாவில் புத்தாண்டையொட்டி நடக்கிற ரோஸ் பரேடுக்கு 2012, 2018, 2025-னு மூணு தடவை போயிருக்காங்க. 2022 அக்டோபர் 10-ம் தேதி தைவான் தேசிய தின விழாவிலும் ஆடி அசத்தினாங்க.

ஃபாரின் டிரிப், ஜாலின்னு நினைச்சீங்களா? ரோஸ் பரேடு பாதை கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். ஆட்டம், வாசிப்பு, நடை மூணும் ஒரே நேரத்துல. ஜனவரிக் காலைக் குளிர்ல வாத்தியத்தின் சுருதி வேற இறங்கி நிக்கும். பாதையின் ஆரம்பத்திலேயே ஒரு பெரிய திருப்பம். உள்பக்கம் இருக்கிறவர் நின்ன இடத்திலேயே கால் போடணும், வெளிப்பக்கம் இருக்கிறவர் எட்டி எட்டி நடக்கணும். அப்பத்தான் வரிசை நேரா இருக்கும்.

இன்னொரு கணக்கு. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். பேண்டின் முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் 34 மீட்டர் இருந்தா, சத்தம் போய்ச் சேர 0.1 விநாடி. நிமிஷத்துக்கு 120 தாளம் போற பாட்டுல அது ஒரு தாளத்தில் அஞ்சில் ஒரு பங்கு! காதை மட்டும் நம்பினா மொத்த பேண்டும் குழம்பிடும். அதனால முன்னால போற டிரம் மேஜர் மேல கண்ணு, பக்கத்து ஆள் காலோடு நம்ம கால். இங்கே ஸ்டார் யாரும் இல்லை. ஒரு ஆள் தப்பா கால் வெச்சாலும் ஊரே பார்க்கும்!

கடைசியா...

2020-ல் கொரோனாவால அந்த அகில ஜப்பான் போட்டியே ரத்து. மூணாம் வருஷ மாணவர்களுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அந்த வருஷம் 55 பேரும் இல்லை, மிச்சப் பேரும் இல்லை. எல்லாருமே லிஸ்ட்டுக்கு வெளியே! அவங்க கையில் மிஞ்சினது என்ன? மெடல் இல்லை. பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவரைக் கேட்கத் தெரிஞ்ச ஒரு காது. அதை எந்த ஜட்ஜும் கொடுக்கலை, யாரும் திருப்பி வாங்கவும் முடியாது.

உங்க காலேஜ்லயும் கல்ச்சுரல்ஸ் சீசன் வரும். லைட் மியூசிக் டீமுக்கு 40 பேர் வருவீங்க, 8 பேரை எடுப்பாங்க. டான்ஸ், மைம், சிம்போசியம் எல்லாத்துக்கும் இதே கதைதான். நோட்டீஸ் போர்டுல உங்க பேர் இருந்தா, வாழ்த்துகள்! இல்லைன்னா ரெண்டு நாள் கோபப்படுங்க, தப்பே இல்லை. மூணாவது நாள் பிராக்டிஸ் ரூமுக்குப் போங்க. கேபிள் சுத்துங்க, தாளம் போடுங்க, கத்துக்கோங்க.

லிஸ்ட்ல இடம் பிடிச்சவங்களுக்கும் ஒரு வார்த்தை. மைக் கைக்கு வந்ததும் ஸ்பீக்கர் தூக்கினவரோட பேரைச் சொல்லுங்க. அதுக்கு 12 நிமிஷம் எல்லாம் ஆகாது, ஒரு விநாடி போதும்!

அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட மீட் பண்ணுவோம். டாட்டா!